பசங்க நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தா போதுமா?

கேள்வி: சார், நாங்க ஐடி-ல இருக்கற பத்து பேர் சேர்ந்து வியாசர்பாடில ஒன்பதாங்கிளாஸ் பசங்களுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை மென்டரிங் பண்றோம். வருஷக் கடைசில ஃபார்ம் குடுத்தா முக்காவாசிப் பேர் 'ரொம்ப யூஸ்ஃபுல்'னு எழுதிட்டாங்க. ஆனா ஸ்பான்சர் இதெல்லாம் ஆதாரமே இல்லங்கறார். வேற என்னதான் காட்டறது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: கோவிச்சுக்காதீங்கம்மா, அவர் கேக்கறது நியாயம்தான். உங்க கையால சமோசா வாங்கித் தின்னுட்டு எந்தப் பையன் 'வேஸ்ட்'னு எழுதுவான்?

அமெரிக்கால, மாசசூசெட்ஸ்ல, 1939-ல ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, 506 பசங்க, ஒரே மாதிரி ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேத்து, காசு சுண்டிப் பாத்து ஒருத்தனுக்கு மட்டும் கவுன்சிலிங் பண்ண ஆள், டியூஷன், சம்மர் கேம்ப் எல்லாம், இன்னொருத்தன அப்படியே விட்டாச்சு. முப்பது வருஷம் கழிச்சு ஜோன் மெக்கார்டுன்னு ஒரு அம்மா இவங்கள தேடிப் பிடிச்சு கேட்டா, உதவி வாங்குனவங்கள்ல மூணுல ரெண்டு பேர் 'நல்லா ஹெல்ப்பா இருந்துச்சு'ன்றாங்க. ரெக்கார்ட புரட்டுனா குடிப்பழக்கம், மனநோய், சீக்கிரம் சாவறது எல்லாமே அவங்க பக்கம்தான் ஜாஸ்தி!

அதுக்காக மென்டரிங்கே தப்புன்னு இல்ல. பசங்களுக்கு மென்டர் சேத்து விடற பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்ங்கற அமெரிக்க அமைப்பு பத்தி 1995-ல வந்த ஆய்வுல 959 பசங்கள குலுக்கல்ல பிரிச்சு, ஒரு பாதிய வெயிட்டிங் லிஸ்ட்ல வச்சாங்க. 18 மாசத்துல, மென்டர் கிடைச்ச பசங்க புதுசா போதைப்பொருள் தொட ஆரம்பிச்சது 46 சதவீதம் கம்மி. மார்க்ல பெரிசா ஒண்ணும் இல்ல. அதே டேட்டாவ 2002-ல திருப்பிப் பாத்தப்பதான் விஷயம் தெரிஞ்சுது, ஒரு வருஷம் தாண்டுன ஜோடிக்குத்தான் நல்ல பலன், மூணு மாசத்துக்குள்ள புட்டுக்கிட்டதுல பசங்களுக்கு தன்மேல இருந்த மதிப்பே கொறஞ்சிருக்கு. (நானும் ஒரு காலத்துல இப்படிப் போயிட்டு பாதில கழண்டவன்தான், அந்தப் பையன் நாலு சனிக்கிழமை நோட்டோட கேட்டாண்ட நின்னான்னு வாட்ச்மேன் சொன்னார்.)

அதனால முதல்ல உங்க ரிஜிஸ்டர பாருங்க, ஆன்சைட், கல்யாணம்னு பாதில போன மென்டர் எத்தன பேரு, அந்தப் பசங்க ஃபார்ம் எழுதுனாங்களா? இருக்கவே மாட்டாங்க, அன்னிக்கு வந்தவன்தானே எழுதிருப்பான். பத்தாவதுல மார்க் ஏறிச்சுன்னும் காட்டாதீங்க, பப்ளிக் எக்ஸாம் பயத்துல எல்லாரும்தான் படிப்பான். எப்படியும் உங்களால சேத்துக்க முடியறதவிட ஜாஸ்தி பசங்க கேப்பாங்க, சீட்டு குலுக்கிப் போட்டு பாதிப் பேர இந்த வருஷம் எடுங்க, மீதிப் பேருக்கு அடுத்த வருஷம்னு சொல்லிடுங்க, ரெண்டு பக்கமும் ஸ்கூல் அட்டெண்டன்ஸ குறிச்சு வைங்க. ஹெட்மாஸ்டர் கிட்ட மட்டும் முன்னாடியே பேசிடுங்க, இல்லன்னா சீட்டு விழாத பையனோட அம்மா உங்களத்தான் தேடி வருவாங்க.