தைராய்டு மாத்திரையோடு கடற்பாசி காப்சியூலும் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. தைராய்டு குறைவாகச் சுரக்கிறதென்று கிளினிக்கில் தைராக்சின் 75 மைக்ரோகிராம் கொடுக்கிறார்கள். காலையில் பசியாறும்போது தே தாரேயோடு (பால் கலந்த தேநீர்) அதையும், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் சேர்த்தே போட்டுக்கொள்கிறேன். ஆனாலும் டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) இறங்கவில்லை. முடி கொட்டுகிறது, எந்நேரமும் அசதி. பக்கத்து வீட்டு அக்கா கடற்பாசி காப்சியூலும், முடிக்குப் பயோட்டின் என்ற வைட்டமினும் வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கடற்பாசி வேண்டாம் சகோதரி. கடற்பாசியில் அயோடின் நிறைய இருக்கிறது, அது கூடினால் தைராய்டு சரியாகிவிடும் என்று அந்த அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் உங்கள் வயதில் இந்தக் கோளாறு பெரும்பாலும் ஹாஷிமோட்டோ. அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. அங்கே அயோடினை அள்ளிப் போட்டால் சுரப்பி இன்னும் முடங்கலாம். நமக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கடற்பாசி காப்சியூல் ஒன்றிலேயே அதைப்போலப் பல மடங்கு இருக்கக்கூடும். பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்ற மலேசிய மருந்துப் பதிவு எண் இருந்தால், அது பதிவான பொருள் என்றுதான் அர்த்தம். உங்களுக்கு ஏற்றது என்று அர்த்தமில்லை.

கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தத் தே தாரேதான். ஜார்ஜ்டவுனில் மருந்தாளராக இருந்த காலத்தில், மூன்று மாத்திரையையும் ஒரே டப்பாவின் ஒரே குழிக்குள் போட்டு எடுத்து வருபவர்களை அடிக்கடி பார்ப்பேன். “மருந்து போதவில்லை, கூட்டித் தரச் சொல்லுங்கள்” என்பார்கள். மருந்து போதாமல் இல்லை; இரும்பும் கால்சியமும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன, ரத்தத்துக்குப் போக விடுவதில்லை. பாலும் கோப்பியும் சோயாப் பாலும்கூட அதைத் தடுக்கும்.

எழுந்ததும் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு தைராக்சின் போடுங்கள். அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துப் பசியாறுங்கள். மற்ற இரண்டும் 4 மணி நேரத்துக்குப் பிறகுதான்; ஒன்றை மதியத்துக்கும் மற்றதை இரவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பயோட்டின் தைராய்டைக் கெடுக்காது, ரத்தப் பரிசோதனையைக் கெடுக்கும். சில ஆய்வுக்கூட முறைகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும். அதை நம்பி டாக்டர் மருந்தைக் குறைத்துவிடலாம். சாப்பிடுவதாக இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டு, பரிசோதனைக்கு 2 நாள் முன்பே நிறுத்துங்கள்.

நேரத்தை மாற்றி 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுங்கள். அதுவரை மாத்திரை அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள், நெஞ்சு படபடக்கும். அப்போது ஃபெரிட்டினையும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) வைட்டமின் பி12-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடி கொட்டுவதற்கும் அசதிக்கும் காரணம் அங்கேயும் இருக்கலாம்.