2,000 ரூபாய்க்குள் வீட்டிலேயே கோழி முட்டை இன்குபேட்டர் செய்ய முடியுமா?

வீட்டில் பத்து நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் இருக்கின்றன, அடையில் உட்காருவது ஒன்றிரண்டுதான், பெட்டியை நாமே செய்யலாமா அல்லது கடையில் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். எனக்கு 1,700 ரூபாய் சொச்சம் ஆனது. ஆனால் முதல் தடவை 30 முட்டை வைத்து 4 குஞ்சுதான் எடுத்தேன். மீதியை உடைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் முழுசாக வளர்ந்து, இறகு முளைத்து, அலகு வந்து, ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. ஒரு நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே எல்லாரும் "தெர்மாகோல் பெட்டி, ஒரு பல்பு, அவ்வளவுதான், நூற்றுக்கு நூறு பொரிக்கும்" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

பெட்டியை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் ஐஸ் வைத்து மருந்து வருகிற தெர்மாகோல் பெட்டி, 40 வாட் குண்டு பல்பு இரண்டு (எல்இடி பல்பு சூடு தராது, குண்டு பல்பை இப்போது நாலு கடை ஏறித்தான் வாங்க வேண்டும்), பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் விசிறி, அதற்கு ஒரு அடாப்டர், டபிள்யூ 1209 என்கிற சின்ன டெம்பரேச்சர் கன்ட்ரோலர், ஈரப்பதம் காட்டுகிற ஒரு மீட்டர், தண்ணீர்க் கிண்ணம். பல்பு ஏன் இரண்டு என்றால் நடுராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது தாங்கும். விசிறி நிற்காமல் ஓட வேண்டும், பல்பு மட்டும்தான் அணைந்து எரிய வேண்டும். பல்புக்கும் தெர்மாகோலுக்கும் நடுவில் ஒரு சாண் இடமும் தகரத் தடுப்பும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் உருகும், பற்றிக்கொள்ளவும் செய்யும். வயரிங் எல்லாம் நானேதான் செய்தேன். "பொம்பளை எதுக்கு கரன்ட் வேலையில கை வைக்கிற" என்று என் சித்தப்பாவே சொன்னார். எலக்ட்ரீசியன்கள் யாராவது இதைப் படித்துவிட்டு சண்டைக்கு வர வேண்டாம், பயமாக இருந்தால் ஆள் கூப்பிட்டுச் செய்துகொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. எனக்குத் தெரிந்ததால் செய்தேன்.

அந்தக் கன்ட்ரோலரில் ஒன்று கவனிக்க வேண்டும். வாங்கும்போது பி1 என்கிற இடத்தில் 2 டிகிரி என்று இருக்கும். அதாவது சூடு 2 டிகிரி இறங்கிய பிறகுதான் பல்பு மறுபடி எரியும். முட்டைக்கு அது ரொம்ப அதிகம். அதை 0.3-க்கு மாற்றுங்கள். விசிறி உள்ள பெட்டி என்றால் சூடு 37.5 டிகிரியிலிருந்து 37.8 வரை. முதல் 18 நாள் ஈரப்பதம் 50-55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65-70. இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான், நானும் அப்படியேதான் வைத்தேன். திரையில் 37.7 என்று சிவப்பு எழுத்தில் நாள் பூராவும் நின்றது. அப்புறமும் 21-ஆம் நாள் ஒன்றும் இல்லை, 22-ஆம் நாள் ஒன்றும் இல்லை, 23-ஆம் நாள் சாயங்காலம்தான் 4 குஞ்சு வந்தது, அதிலும் ஒன்றுக்குத் தொப்புள் மூடவே இல்லை.

சேவல் சரியில்லை, முட்டை பழசு, பௌர்ணமியில் வைத்திருக்கக் கூடாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பத்து நாள் கழித்து என் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்தக் கருவி 35-க்கும் 42-க்கும் நடுவில் சரியாகக் காட்டுவதற்கென்றே செய்தது, நமக்கு வேண்டியதும் அந்த இடம்தான். அன்றைக்கு ராத்திரியே காலிப் பெட்டியை ஓட விட்டு, பக்கவாட்டில் பேனா நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, முட்டை இருக்கிற உயரத்தில் அதன் முனை நிற்கிற மாதிரி சொருகினேன். கன்ட்ரோலரில் 37.7. காய்ச்சல் தெர்மாமீட்டரில் 36.4. எடுத்து அணைத்து மறுபடி வைத்தேன் (அது கடைசியாகக் கண்ட உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் அணைத்து எடுக்க வேண்டும்). மறுபடியும் 36.4. மறு ஓரத்தில் ஓட்டை போட்டுப் பார்த்தால் 36.1. என் பிள்ளைகளை இருபத்து மூன்று நாள் குளிரில் வைத்திருந்திருக்கிறேன் என்று புரிந்தபோது அந்தப் பெட்டி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் இதுதான்: கன்ட்ரோலரிலிருந்து வருகிற, சூட்டை அளக்கும் சென்சாரைப் பல்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். பல்பு எரிந்ததும் அது முதலில் சுட்டு, "போதும்" என்று அணைத்துவிடும், முட்டைக்குச் சூடு போய்ச் சேர்ந்திருக்காது. சென்சாரை முட்டைகளுக்கு நடுவில், முட்டை உயரத்தில், பல்பு நேராகப் படாத இடத்துக்கு மாற்றியதும் வித்தியாசம் 0.5 ஆனது. அந்த மீதியை அதே கன்ட்ரோலரில் பி4 என்கிற இடத்தில் திருத்திக்கொள்ளலாம், அதற்காகவே அந்த இடம் இருக்கிறது. ஆகவே நீங்கள் செய்தாலும் சரி, 8,000 ரூபாய் கொடுத்து வாங்கினாலும் சரி, முட்டை வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்கப் பெட்டியைக் காலியாக ஓட்டி, காய்ச்சல் தெர்மாமீட்டரால் நாலு மூலையும் பார்த்துவிடுங்கள். பிஞ்சு உயிரை வைக்கிற இடம், திரையில் தெரிகிற ஒரே ஒரு எண்ணை நம்பி வைக்காதீர்கள்.

அடுத்த தடவை 28 முட்டை. எல்லாம் ஒரு வாரத்துக்குள் இட்டவை, கழுவாதவை. (கடையில் வாங்குகிற வெள்ளை முட்டை பொரிக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பொரிக்காது, அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாது.) ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம். காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி பத்து என்று மூன்று தடவை திருப்பி வைத்தேன். ஒற்றைப்படையில் திருப்பினால்தான் நேற்று ராத்திரி கீழே இருந்த பக்கம் இன்று ராத்திரி மேலே வரும். திருப்பாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்று நினைக்கிறேன், அப்படியானால் மதியத்துக்கு வீட்டில் யாரையாவது பழக்குங்கள்.

ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அட்டையில் ஓட்டை போட்டு, கீழே செல்போன் டார்ச் வைத்து ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தோம். நல்ல முட்டையில் சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்பு, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, ஒரு நொடி பார்த்துக்கொண்டே இருந்தால் அது துள்ளும். என் மகன் "அம்மா, நம்மளப் பாக்குது" என்றான். 3 முட்டை வெறும் மஞ்சளாக இருந்தன, எடுத்துவிட்டேன். 15-ஆம் நாள் மழையில் கரன்ட் போய் நாலு மணி நேரம் வரவில்லை. பெட்டியைத் திறக்காமல் மேலே கம்பளி போர்த்தி, அடியில் வெந்நீர் பாட்டில் வைத்தேன். அந்த வயதில் குஞ்சே கொஞ்சம் சூடு கொடுக்கும், பயந்துபோய் முட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 25-இல் 21 பொரித்தது.

22 வந்திருக்க வேண்டும். அதையும் சொல்கிறேன். 20-ஆம் நாள் சாயங்காலம் ஒரு முட்டையில் அரிசி அளவுக்கு உடைந்து, மூக்கு நுனியில் இருக்கிற வெள்ளைப் பல் தெரிந்தது. உள்ளே கீச்சுக் குரல் கேட்டது. மறுநாள் காலை வரை அப்படியே. எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணு, கை வைக்காத. அது மூச்சு வாங்கிக்கிட்டு இருக்குது" என்றாள். நான் கேட்கவில்லை. நகத்தால் ஓட்டைக் கொஞ்சம் உரித்தேன். சவ்வில் ஒரு நூல் மாதிரி ரத்தம் வந்தது, அப்புறம் நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் போய்விட்டது. ஓட்டில் மூக்கை விட்ட பிறகு 12 மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை அது சும்மாதான் இருக்கும். சவ்வில் இருக்கிற ரத்தமும் மிச்ச மஞ்சள் கருவும் உடம்புக்குள் போகிற நேரம் அது. 18-ஆம் நாளுக்கு மேல் திருப்பவும் கூடாது, மூடியைத் திறக்கவும் கூடாது. திறந்தால் ஈரம் போய் சவ்வு காய்ந்து, பிளாஸ்டிக் பை மாதிரி குஞ்சை இறுக்கிவிடும். பொரித்த குஞ்சை உடனே வெளியே எடுக்கத் தேவையில்லை, அந்த மஞ்சள் கருவே ஒரு நாளுக்கு மேல் தாங்கும், இறகு காய்ந்த பிறகு எடுங்கள்.

அம்மாயி அடை வைக்கிற கூடையில் மண் போட்டு, வைக்கோல் போட்டு, இடிக்காக இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் வைப்பாள். படித்தவர்கள் சிலர் இதைக் கிண்டல் செய்து எழுதுகிறார்கள். இரும்பு இடியைத் தடுக்குமா என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் 60 வருடமாக அடை வைத்த கை அது, எப்போது தொடக் கூடாது என்று அதற்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களுக்குப் பெருந்துறைப் பக்கம். 2011-இல் அப்பா ஈமு கோழியில் பணம் போட்டார். குஞ்சு தருவோம், தீவனம் தருவோம், மாதாமாதம் பணம் தருவோம் என்று ஆசை காட்டினார்கள். 2012-இல் எல்லாம் இழுத்து மூடிவிட்டுப் போனார்கள். கம்பெனி பெயரை எழுத விருப்பமில்லை. தீவனம் வராமல் எங்கள் கொட்டகையில் ஆறு ஈமு, கம்பி வலையில் கழுத்தை நீட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அக்கம்பக்கத்துக் கொட்டகைகளிலும் இதே கதைதான். அப்பா ஒரு வருடம் வெளியே முகம் காட்டவில்லை. ஏமாற்றியவனை விட்டுவிட்டு, ஏமாந்தவரைப் பார்த்து "பேராசை" என்று சொன்ன உறவுக்காரர்களை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவர் ஆசைப்பட்டது என் தங்கை கல்யாணத்துக்கு. நான் தெர்மாகோல் பெட்டியோடு வந்த அன்றைக்கு அதே வாய்கள் "மறுபடியும் ஈமுவா" என்று கேட்டன. இப்போதும் "பெட்டியை எங்களிடம் வாங்குங்கள், குஞ்சை நாங்களே திருப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்று போன் வருகிறது. யாராக இருந்தாலும் முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "அடைக்கோழி இருக்கும்போது பெட்டி எதற்கு" என்று கீழே ஒருவர் கேட்பார், எனக்குத் தெரியும். சிறுவிடைக் கோழி (நாட்டுக்கோழியில் சின்ன ரகம்) பத்துப் பதினைந்து முட்டை இட்டு அடைக்கு உட்கார்ந்தால் 21 நாள், அப்புறம் குஞ்சோடு இரண்டு மாதம், அதுவரை முட்டை கிடையாது. முட்டையை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு அடை தெளிய விட்டால் சீக்கிரம் மறுபடி இட ஆரம்பிக்கும். கோழியை நான் குறைத்துப் பேசவில்லை. பெட்டியில் பொரிப்பதைவிட அதற்கு அப்புறம் வளர்ப்பதுதான் கஷ்டம்: முதல் வாரம் 35 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும், ஏழு நாளுக்குள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்கக் கண்ணில் தடுப்புச் சொட்டு மருந்து விட வேண்டும். பகலும் ராத்திரியும் யாராவது பார்க்க வேண்டும்.

அதனால் இப்போது நான் செய்வது இது. ஒரு கோழி அடைக்கு உட்கார்கிற அன்றைக்கே பெட்டியிலும் முட்டை வைக்கிறேன். கோழிக்கு ஐந்து முட்டை மட்டும். இரண்டும் ஒரே நாளில் பொரிக்கும். இருட்டிய பிறகு, விளக்கு போடாமல், பெட்டிக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கோழியின் நெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுவேன். கை படும்போது அது தொண்டைக்குள் ஒரு கரகரப்புக் குரல் கொடுக்கும், றெக்கையைக் கொஞ்சம் தூக்கி இடம் விடும். பதினைந்து வரை தாங்குகிறது. விடிந்ததும் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு குப்பை மேட்டுக்குப் போய்க் கிளற ஆரம்பித்துவிடுகிறது.