அந்தப் பரு இந்த வாரம் கிளம்பியதல்ல

கேள்வி: எனக்கு வயது 32. பள்ளி நாட்களில்கூட இரண்டொரு பருவுக்கு மேல் வந்ததில்லை. இரண்டு வருடமாக, மாதவிலக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போதே தாடை ஓரத்திலும் முகவாயிலும் கட்டி கட்டியாகப் பரு வந்துவிடுகிறது. தொட்டாலே வலி. முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை என்று ஆளாளுக்குச் சொல்வதால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை கழுவுகிறேன். ஸ்க்ரப், டோனர், இரண்டு சீரம், பருவுக்கென்று ஒரு ஜெல் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. இப்போது வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது. நடுவில் தோழி கொடுத்த ஒரு கிரீமைப் பூசினேன். மூன்றே நாளில் எல்லாம் அமுங்கிவிட்டது. விட்டதும் முன்னைவிட மோசமாக வந்தது. அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். நான் எதைத்தான் பூசுவது? கிள்ளாமல் இருக்கவும் முடியவில்லை.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதலில் தோழி கொடுத்த அந்த கிரீமை எடுத்து, டியூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மூன்று நாளில் அமுங்கியது, விட்டதும் மோசமாக வந்தது என்ற வரியைப் படித்ததுமே எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும். பரு உண்டாகும் காரணத்தைத் தொடவே தொடாது. தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், மெல்லிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும், அதுவே புதிதாகப் பருவைக் கிளப்பவும் செய்யும். சில நாள் மட்டும் பூசி விட்டிருந்தால் மறுபடி தொடாதீர்கள், அவ்வளவுதான். வாரக்கணக்கில் பூசியிருந்தால் டியூபையே எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர் வேறெதற்கோ வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது சுத்தம். உங்கள் தாடையில் வருவது அழுக்கால் வருவதில்லை. தோலுக்கு அடியில் ஒவ்வொரு ரோமக்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை முடுக்கிவிடுவது ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். ஆண்களுக்கு நிறைய, பெண்களுக்குக் கொஞ்சம், ஆனால் எல்லோருக்கும் உண்டு. மாதவிலக்கு நெருங்கும்போது பெண் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் சரிகின்றன. அந்த அளவுக்கு ஆண்ட்ரோஜன் சரிவதில்லை. அந்தச் சில நாட்கள் அதன் கை ஓங்குகிறது. எண்ணெய் அதிகம் சுரக்கிறது, ஏற்கெனவே அடைபட்டிருந்த ரோமக்கால் வீங்கிச் சிவக்கிறது. ரத்தப் பரிசோதனை செய்தால் பெரும்பாலான பெண்களுக்கு ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். அளவு ஏறியிருக்காது, சுரப்பிதான் அந்த ஹார்மோனுக்குக் கூடுதலாகத் துள்ளுகிறது. இதை எத்தனை தடவை கழுவினாலும் கழுவிவிட முடியாது.

'ஏற்கெனவே அடைபட்டிருந்த' என்று எழுதினேன் இல்லையா, அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த அடைப்பு, பருவாகத் தலைகாட்டச் சில வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. எட்டு வாரம்கூட ஆகலாம். இன்று காலை கண்ணாடியில் பார்த்த பரு போன மாதமோ அதற்கு முந்தைய மாதமோ உள்ளே ஆரம்பித்தது. எனவே பரு வந்த இடத்தில் மட்டும் பொட்டு வைத்ததுபோல் ஜெல்லை வைப்பது, விருந்தாளி கிளம்பிய பிறகு இலை போடுகிற கதை. மாதத்தில் ஒரு பருகூட இல்லாத நாட்களிலும், தாடை, முகவாய், கன்னத்தின் கீழ்ப்பகுதி முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும். வெளியே எதுவும் இல்லாத அந்த இரண்டு வாரத்தில்தான் பலர் மருந்தை மூடிவைத்துவிடுகிறார்கள்.

சரி, எதைப் பூசுவது? இப்போதைக்கு எந்த மருந்தையும் பூசாதீர்கள். தண்ணீர் பட்டாலே எரிகிற தோலில் மருந்து நிற்காது. ஐந்து தடவை கழுவியும் ஸ்க்ரப் போட்டுத் தேய்த்தும் மேல்தோலின் காப்பு போய்விட்டது. ஸ்க்ரப்பைத் தூக்கிப் போடுங்கள். டோனர், இரண்டு சீரம், ஜெல் எல்லாம் அலமாரிக்குள் போகட்டும். மூன்று வாரத்துக்கு மூன்றே பொருள்: ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன்.

ஃபேஸ்வாஷ் அதிகம் நுரைக்காத, வாசனை சேர்க்காத ரகமாக இருக்கட்டும். நம் தோல் இயல்பாகக் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, பிஹெச் 5 சுற்றி. சாதாரண சோப்புக் கட்டியோ 9, 10 என்று காரத்தன்மையில் இருக்கும். கழுவிய பின் முகம் 'விண்'ணென்று இழுத்துப் பிடித்தால் அது சுத்தத்தின் அடையாளம் என்று நினைத்துவிடுகிறோம். தோல் வறண்டு தவிப்பதன் அடையாளம் அது. இரவு ஒரு தடவை ஃபேஸ்வாஷ், காலையில் வெறும் தண்ணீரே போதும். வியர்த்துக் கொட்டினால் இன்னொரு தடவை கழுவிக்கொள்ளலாம். விரல் நுனியால் அரை நிமிடம், பிறகு துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

எண்ணெய் வழிகிற முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பதுதான். எண்ணெய்ப்பசை வேறு, ஈரப்பதம் வேறு. எண்ணெய் வடிந்துகொண்டே உள்ளே காய்ந்து கிடக்கும் முகங்கள் நிறைய உண்டு. ரோமக்காலை அடைக்காத ரகம் என்று குறிப்பிட்டிருப்பதாக, இலேசான ஜெல் அல்லது லோஷனாக வாங்குங்கள். சன்ஸ்க்ரீன் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்க வேண்டும். பரு போன இடத்தில் நிற்கும் பழுப்புக் கறை வெயில் பட்டால் இன்னும் கறுத்து, மாதக்கணக்கில் போகாது. பலருக்குப் பருவைவிட அந்தக் கறைதான் மனக்கஷ்டம்.

மூன்று வாரத்தில் எரிச்சல் அடங்கியதும் ஒரே ஒரு மருந்தைச் சேர்ப்போம். வேறொருவராக இருந்தால் அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லைச் சொல்லியிருப்பேன். அடைப்பு உருவாவதையே தடுப்பது அது. ஆனால் வைட்டமின் ஏ வழி வந்தது, கர்ப்பத்துக்குத் திட்டமிடும் நேரத்தில் தவிர்ப்பது நல்லது. உங்களுக்கு நான் தேர்ந்தெடுப்பது அசெலாயிக் அமிலம். அடைப்பைக் குறைக்கும், கிருமியை அடக்கும், சிவப்பைத் தணிக்கும், கூடவே அந்தப் பழுப்புக் கறையையும் மெல்ல வெளுக்கும். கர்ப்ப காலத்திலும் மருத்துவர்கள் அனுமதிக்கிற சில மருந்துகளில் இது ஒன்று. 10 சதவீதம் பெரும்பாலும் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 15 சதவீத ஜெல், 20 சதவீத கிரீம் இரண்டுக்கும் பல நாடுகளில் மருத்துவர் சீட்டு வேண்டும்.

முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், இரவில் மட்டும். முகம் நன்றாகக் காய்ந்த பிறகு பட்டாணி அளவு எடுத்து, நான் சொன்ன அந்தப் பகுதி முழுக்கத் தடவி, அதன்மேல் மாய்ஸ்சரைசர். எரிச்சல் அதிகம் என்றால் மாய்ஸ்சரைசரை முதலில் பூசி மருந்தை அதன்மேல் பூசுங்கள், தவறில்லை. கொஞ்ச நேரம் ஊறல் எடுப்பது ஆரம்பத்தில் சகஜம். சிவந்து தடித்தால் நிறுத்திவிடுங்கள். தோல் பழகிய பிறகு தினமும் இரவு பூசலாம்.

பென்சாயில் பெராக்சைடைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பழைய ஜெல்லில் அதுதான் இருக்கும் என்று தோன்றுகிறது. நல்ல மருந்துதான், ஆனால் 10 சதவீதத்தை வாங்கி முகத்தை வேகவைத்துக்கொள்கிறார்கள். 2.5 சதவீதமே ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும், எரிச்சலும் குறைவு. பிற்பாடு தேவைப்பட்டால் அந்த அளவில் சேர்க்கலாம். துணியின் சாயத்தையும் எடுத்துவிடும். என் கருநீலத் தலையணை உறை ஒன்று அப்படித்தான் வெள்ளைத் திட்டுகளோடு இன்றும் கிடக்கிறது.

பலன் எப்போது தெரியும்? உள்ளே எட்டு வாரக் கணக்கு ஓடுகிறது என்று சொன்னேனே, அதனால் பன்னிரண்டு வாரத்துக்கு முன் தீர்ப்பு எழுதாதீர்கள். மருந்து தொடங்கிய தேதியையும், மாதவிலக்குத் தேதிகளையும், அந்தந்த மாதம் எத்தனை கட்டிகள் வந்தன என்பதையும் குறித்துக்கொண்டே வாருங்கள். முதல் மாதம் ஆறு, மூன்றாவது மாதம் மூன்று என்றால் மருந்து வேலை செய்கிறது. கண்ணாடிக்கு இந்தக் கணக்கு தெரியாது, அன்றைய பருவைத்தான் காட்டும்.

பன்னிரண்டு வாரம் கழித்தும் அப்படியே இருந்தாலோ, குழியாகத் தழும்பு விழ ஆரம்பித்தாலோ தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். போனதும் முதல் வாக்கியமாகக் குழந்தைத் திட்டத்தைச் சொல்லுங்கள். ஹார்மோன் பருவுக்கு அவர்கள் வழக்கமாக யோசிக்கும் மாத்திரைகளில் கருத்தடை மாத்திரை உங்கள் திட்டத்துக்கே எதிர். ஸ்பைரனோலாக்டோன் கர்ப்பத்தில் கூடாது. ஐசோட்ரெட்டினாயின் சிசுவுக்குக் கடுமையான பிறவிக் குறைகளை உண்டாக்கக்கூடியது. சாப்பிடும்போதும், நிறுத்திய பிறகு ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. வேறு யாருக்கோ எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடுகிற பழக்கம் இங்கே விபரீதத்தில் முடியும்.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு 35 நாளைத் தாண்டித் தாண்டி வருகிறதா? முகவாயிலோ மேலுதட்டிலோ முடி தடித்து வளர்கிறதா? உச்சந்தலையில் முடி மெலிகிறதா? இவற்றில் ஏதாவது இருந்தால் பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் நேரத்தில் இது தெரிந்திருப்பது முகத்தைவிடவும் முக்கியம். மாதாமாதம் தேதி தவறாமல் வருகிறது, மற்ற இரண்டும் இல்லை என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

கடைசியாக, கிள்ளுவது. ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு வாயே கிடையாது. அழுத்தினால் உள்ளிருப்பது வெளியே வராமல் உள்பக்கம் உடைந்து பரவும், கறையும் தழும்பும் அங்கிருந்துதான் ஆரம்பம். வலி தாங்கவில்லை என்றால் துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சில நிமிடம் வைத்து எடுங்கள். முக்கியமான நாளுக்கு முன்னால் பெரிதாக ஒன்று வந்துவிட்டால் மருத்துவர் கட்டிக்குள்ளேயே சின்ன ஊசி போட்டு ஓரிரு நாளில் அமுக்குவார். அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் அளவு தெரிந்த கையில். மற்ற நாட்களுக்கு, பருவின் மேல் ஒட்டும் வட்ட வடிவ ஹைட்ரோகொல்லாய்டு ஸ்டிக்கர் வாங்கி வையுங்கள். சீழ் வைத்த பருவில் கசிவை உறிஞ்சும். ஆழமான கட்டியில் பெரிதாக எதுவும் செய்யாது என்றாலும் இரவில் மருந்து காய்ந்த பிறகு ஒட்டிக்கொண்டு படுங்கள். புத்தகம் படிக்கும்போதும் யோசிக்கும்போதும் நம்மை அறியாமல் தாடைக்குப் போகிற விரல், ஸ்டிக்கரில் முட்டித் திரும்பிவிடும்.