அந்த முழுப் பக்கம் யாருக்கு?

கேள்வி: ஆகஸ்ட் மகளிர் சிறப்பிதழில் ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட் என்ற ஆங்கிலேயக் கிரிக்கெட் வீராங்கனையை ‘முன்னோடி’ என்று புகழ்ந்து முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நிறவெறி ஆட்சியின் காலத்தில் இங்கே வந்து வெள்ளையர் அணியோடு ஆடிவிட்டுப் போனவர் நமக்கு எப்படி முன்னோடி ஆவார்? நம் ஊரில் எழுதுவதற்கு ஒரு பெண்கூடக் கிடைக்கவில்லையா?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: 1960 டிசம்பரில் இங்கிலாந்து மகளிர் அணி தென்னாப்பிரிக்காவுக்கு வந்ததும், இருபத்தொரு வயது ரேச்சல் ஹேஹோ போர்ட் எலிசபெத்தின் செயின்ட் ஜார்ஜ் பார்க்கில் தம் முதல் டெஸ்டை ஆடியதும் உண்மை. அந்தக் கட்டுரையின் இரண்டாம் பத்தியிலேயே இதை எழுதியிருந்தோம். தலைப்பைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டவர்களின் கண்ணில் அது படாமல் போயிருக்கலாம். நான்கு டெஸ்டுகள் கொண்ட அந்தத் தொடரில் ஒன்று நம் டர்பனின் கிங்ஸ்மீட் மைதானத்தில் நடந்தது. போராடிய கறுப்பின மக்களைக் காவல்துறை சுட்டுக் கொன்ற ஷார்ப்வில் துப்பாக்கிச் சூடு நடந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. சென்னையிலிருந்து நம் முன்னோரை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பல் கரை தொட்டு நூறாண்டு நிறைந்ததும் அந்த நவம்பரில்தான். அத்தனை காலம் உழைத்த பிறகும் நம்மை இந்நாட்டின் நிலையான குடிகள் என்று அரசு ஏற்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிங்ஸ்மீடில் நமக்கென்று தனியாகப் பிரித்த பகுதி ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்து வெளிநாட்டு அணிக்குக் கை தட்டுவதே நம் பெரியவர்கள் பலருக்கு அரசியல். எதிரணியில் இறங்கிய தென்னாப்பிரிக்கப் பெண்கள் அத்தனை பேரும் வெள்ளையர். ரேச்சல் அந்தப் பயணத்துக்கு வர மறுத்திருக்கலாமே என்று நீங்கள் சொன்னால், மறுத்திருக்கலாம் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனாலும் அவரை முன்னோடி என்று எழுதியது எழுதியதுதான். வுல்வர்ஹாம்ப்டனில் சிறுமியாக அண்ணனோடும் அவன் நண்பர்களோடும் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தபோது போலீஸ்காரர் வந்து பையன்களின் பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டாராம். என் பெயர் வேண்டாமா என்று இவர் கேட்டதற்கு, பெண்கள் கிரிக்கெட் ஆடுவதில்லை என்று பதில் வந்ததாம். இது அவரே பலமுறை சொன்ன கதை. குற்றப் பட்டியலில்கூட இடம் கிடைக்காத அந்தச் சிறுமி 1963இல் ஓவல் மைதானத்தில் மகளிர் டெஸ்ட் வரலாற்றின் முதல் சிக்ஸரை அடித்தார். 1966இல் இங்கிலாந்துக்குத் தலைவியாகி, தாம் தலைமை ஏற்ற ஒரு டெஸ்டில்கூடத் தோற்காமல் இருந்தார். 1976இல் அதே ஓவலில் எட்டரை மணி நேரத்துக்கு மேல் நின்று 179 ஓட்டம் எடுத்து ஆஸ்திரேலியாவிடமிருந்து ஆட்டத்தைக் காப்பாற்றினார். அதற்குக் கிடைத்த பரிசு, அடுத்த ஆண்டு தலைமைப் பதவியிலிருந்து நீக்கம். பெண்கள் கிரிக்கெட்டை நடத்திய பெண்களும் வாய் திறந்து பேசுகிற பெண்ணை விரும்பவில்லை என்பது என் ஊகம்.

நமக்கு முக்கியமான ஆண்டு 1973. ஆண்களுக்கு உலகக் கோப்பை என்ற ஒன்றே இல்லாத காலத்தில், தொழிலதிபர் ஜாக் ஹேவர்டிடம் 40,000 பவுண்டு பெற்று, பெண்களுக்கான முதல் உலகக் கோப்பையை நடத்திக் காட்டியதில் ஹேஹோ ஃபிளின்டின் பங்கு பெரிது. எட்ஜ்பாஸ்டனில் நடந்த கடைசி ஆட்டத்தில் அவருடைய அணி ஆஸ்திரேலியாவை 92 ஓட்ட வித்தியாசத்தில் வென்று கோப்பையையும் வாங்கியது. ஆண்கள் அந்த வழிக்கு வந்து சேர்ந்தது 1975இல். அந்தப் போட்டியில் பல நாட்டு வீராங்கனைகள் கலந்த ஓர் அணியும் ஆடியது. அதில் சேரத் தென்னாப்பிரிக்க வெள்ளைப் பெண்களுக்கும் முதலில் அழைப்புப் போனது. ஜமைக்காவும் டிரினிடாடும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு அந்த அழைப்புத் திரும்பப் பெறப்பட்டது. இனத்தால் பிரித்த விளையாட்டு விளையாட்டே அல்ல என்று சொல்லி நம் டர்பனில் சாக்கோஸ் என்ற தென்னாப்பிரிக்க விளையாட்டு அமைப்பு உருவானதும் அதே 1973இல்தான். ஆக, உங்கள் கோபத்துக்கு உரிய பதிலைக் கரீபியப் பெண்கள் அப்போதே கொடுத்துவிட்டார்கள். அதற்காக அந்தக் கோப்பையை உருவாக்கியவரின் பெயரை நாம் அழிக்க வேண்டியதில்லை.

அன்று இங்கிலாந்தின் வெளிநாட்டுப் பயண அணிகளைத் தேர்ந்தெடுத்த லண்டன் கிரிக்கெட் கிளப்பான எம்.சி.சி.யின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேப் டவுனில் பிறந்து, நிறத்தால் இங்கே வாய்ப்பு மறுக்கப்பட்ட பேசில் டி’ஒலிவேரா இங்கிலாந்துக்காக ஓவலில் 158 ஓட்டம் எடுத்த பிறகும், 1968இல் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கான முதல் பட்டியலில் அவரைச் சேர்க்காமல் விட்ட அதே எம்.சி.சி.தான் இது, 1787இல் தொடங்கியது முதல் பெண்களை உறுப்பினராகச் சேர்க்காததும் அதுவே. 1991இல் ஹேஹோ ஃபிளின்ட் விண்ணப்பத்தில் ‘ஆர். ஃபிளின்ட்’ என்று மட்டும் எழுதி அனுப்பினார். ஆண் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்ற குறும்பு. 1998 பிப்ரவரி வாக்கெடுப்பில் பெரும்பான்மை கிடைத்தும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. செப்டம்பரில் மீண்டும் வாக்கெடுத்துத்தான் கதவு திறந்தது. 2017இல் மறையும்போது அவர் பிரபுக்கள் சபை உறுப்பினர். பதவியும் பட்டமும் இருக்கட்டும்; அந்த ஒற்றை எழுத்து விண்ணப்பத்துக்காகவே ஒரு பக்கம் தரலாம்.

நம் ஊரில் ஒரு பெண்கூடக் கிடைக்கவில்லையா என்று கேட்டீர்கள். வெள்ளையர் மைதானங்களில் நமக்கு இடமில்லாத நாட்களில் டர்பனின் கரீஸ் ஃபவுன்டன் மைதானத்தில் நம் ஆண்கள் எவ்வளவு பிடிவாதமாக ஆடினார்கள் என்பதைப் பெருமையோடு பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அதே நாட்களில் நம் பெண்களுக்குக் கிரிக்கெட்டில் கிடைத்தது இடைவேளைத் தேநீரும், பிரியாணிப் பாத்திரமும், திங்கட்கிழமை காலையில் வெள்ளைக் காற்சட்டையின் முழங்காலில் தேய்த்தாலும் போகாத புல் கறையும்தான். மட்டையைக் கேட்ட பெண்ணுக்கு நெட்பால் போதும் என்றோம். அதைச் சொல்ல எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

அதையெல்லாம் தாண்டி டர்பனில் பிறந்த ஒரு பெண் 2007இல் தென்னாப்பிரிக்க அணிக்கு வந்தார்: விக்கெட் கீப்பர் திரிஷா செட்டி. 2010இல் நெதர்லாந்துக்கு எதிரான இருபது ஓவர் ஆட்டத்தில் ஷாண்ட்ரே ஃபிரிட்ஸோடு முதல் விக்கெட்டுக்கு 170 ஓட்டம் சேர்த்தார். ஒருநாள் ஆட்டங்களில் கேட்சும் ஸ்டம்பிங்குமாக 180க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, இங்கிலாந்தின் சாரா டெய்லர் 136இல் நிறுத்திய கணக்கை எங்கோ பின்னால் விட்டார். 2023 மார்ச்சில் அவர் ஓய்வு பெற்ற மாதம், இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு ஐ.பி.எல். ஏலத்தைப் பற்றிக் கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்தன. திரிஷா செட்டியைப் பற்றி ஒன்றும் வரவில்லை, சாட்ஸ்வொர்த்திலிருந்தும் வரவில்லை.

அடுத்த இதழில் அவருக்கு முழுப் பக்கம் உண்டு. அது ஹேஹோ ஃபிளின்டிடமிருந்து பறித்த பக்கமாக இருக்காது, ஐ.பி.எல். பக்கத்தைத்தான் எடுக்கப் போகிறோம். அதற்கும் கடிதம் எழுதுங்கள்.