சக மாணவரின் சாப்பாட்டைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளையை எப்படித் திருத்துவது?

வகுப்பில் வேறு மதத்து, வேறு ஊர்ப் பிள்ளைகளின் சாப்பாட்டைக் கண்டால் மகன் மூக்கைப் பொத்துகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அவனைச் சற்று விட்டுவிட்டு, வீட்டில் அவன் முன்னால் யார் என்ன பேசுகிறார்கள் என்று முதலில் கவனியுங்கள். உங்கள் வீட்டைக் குறை சொல்வதாகக் கோபிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

நாங்கள் இலங்கையின் வடக்கே, வன்னியில் முள்ளியவளைப் பக்கம். மகள் நான்காம் தரத்தில் படித்தபோது வகுப்பாசிரியை என்னை அழைத்து, பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் ரொட்டியைப் பார்த்து "தோட்டக்காட்டுச் சாப்பாடு" என்று மகள் சொன்னதாகவும், அந்தப் பிள்ளை இரண்டு நாட்களாகச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனதாகவும் கூறினார். அந்தச் சொல்லை மகள் எங்கே பொறுக்கினாள் என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்தவர்களை இழிவாகச் சொல்லும் சொல் அது, என் அம்மா முற்றத்தில் இருந்து தெருவால் போகிறவர்களைப் பற்றிக் கதைக்கும்போது வாயில் வருவது. அன்று இரவு கேட்டபோது, "நான் என்ன, இல்லாததையோ சொன்னனான்?" என்றார். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம், அந்தப் பிள்ளையுடையது. அந்தப் பிள்ளையின் தாயே வன்னியில் பிறந்தவர். எங்களோடு இடம்பெயர்ந்து, எங்களோடு பதுங்குகுழியில் இருந்து, 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் எங்களோடு அதே உப்புக் கஞ்சிக்கு நின்றவர்கள். அதை அம்மாவுக்கு நினைவூட்ட வேண்டி வந்ததே எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனோம். அந்தத் தாய் மன்னிப்பைக் காதில் வாங்காமல், மகளை அடுப்படியில் இருத்தி ரொட்டி தட்டக் கொடுத்தார். கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துக் குழைத்த உருண்டை மகளின் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது, விளிம்பு வெடித்தது. "ஓரத்த விரலால அணைச்சுக்க பாப்பா" என்று அவர் கையைப் பிடித்துக் காட்டினார். விடியப்புறமே கொழுந்தெடுக்க மலை ஏறுகிறவர்களுக்கு மத்தியானம் வரை பசி தாங்குவதும், துணியில் சுற்றிக் கொண்டுபோகக்கூடியதும் இதுதான் என்று தன் தாய் சொன்ன கதையையும் அவர் சொன்னார். அதன் பிறகு மகள் தன் புட்டைக் கொடுத்து ரொட்டி வாங்கிச் சாப்பிடத் தொடங்கினாள்.

இதனால்தான் பாடசாலைகளில் வருடத்துக்கு ஒருமுறை மேசை விரித்து நடத்தும் "பாரம்பரிய உணவு" நிகழ்ச்சிகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சமைப்பது தாய்மார், சாப்பிடுவது விருந்தினர், பிள்ளைகள் படத்துக்கு நிற்பார்கள். நல்ல எண்ணத்தோடு செய்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

அந்த வருடமே மகள், நீராவிப்பிட்டியில் இருந்து வரும் வகுப்புத் தோழனையும் ஒடியல் கூழுக்கு, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவில் மீனும் இறாலும் போட்டுக் காய்ச்சும் கூழுக்கு, கூப்பிட வேண்டும் என்றாள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த பின்னர் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம். அவனுடைய தாய் தயங்கித் தயங்கி, மீனும் இறாலும் பிரச்சினை இல்லை, இறைச்சி காய்ச்சாத பானையில் வைத்தால் பிள்ளையை விடுகிறேன் என்றார். சந்தையில் புதிய மண்பானை ஒன்று வாங்கினேன். தனிப் பானை என்றதும் சிலருக்குச் சுருக்கென்று குத்தும், எனக்கும் குத்தியது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டவர்களுக்குப் போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் ஊற்றிய சமூகம்தானே நாங்கள். ஆனால் அது வந்தவரை விலக்கி வைக்க வைத்த பாத்திரம். இது வருகிறவர் தடையின்றி உட்காருவதற்காக வாங்கிய பாத்திரம். இரண்டையும் ஒன்றென்று யாராவது வாதாட வந்தால் எனக்கு வேறு பதில் இல்லை.

ஒடியல் மாவைத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, கசப்புப் போக வடிக்கும் வேலையை மகளே செய்தாள். பிலாவிலையை (பலா இலையை) கிண்ணம் போலக் கோலி எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பையன் ஒரு வாய் குடித்துவிட்டு, "எனக்கு இது ஏலாது, பலாக்கொட்டைய மட்டும் தாங்களன்" என்றான். மகளின் முகம் சுருங்கியது. பிறகு தன் இலையில் இருந்த பலாக்கொட்டைகளையும் பொறுக்கி அவனுக்குப் போட்டாள். உங்கள் மகனையும் எதையும் சுவைத்துப் பார் என்று வற்புறுத்தாதீர்கள். பிடிக்காததை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் மூக்கைப் பொத்தாமல் சொல்லப் பழக வேண்டும்.

அம்மா அந்தச் சொல்லை முற்றாக விட்டுவிட்டார் என்று நான் பொய் சொல்லமாட்டேன். பிள்ளை முன்னால் சொல்வதில்லை, அவ்வளவுதான். அடுத்த நோன்பு மாதத்தில் அந்தப் பையன் தூக்குச் சட்டியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தான். அன்று வெள்ளிக்கிழமை. "இறைச்சி போட்டதோ தம்பி?" என்று அம்மா வாசலிலேயே கேட்டார். "இல்ல அம்மம்மா, உங்களுக்கெண்டு உம்மா வேற சட்டியில காய்ச்சினவ" என்றான். அம்மா மூடியைத் திறந்து மணந்து பார்த்து, உள்ளி கொஞ்சம் கூட என்றார். பிறகு இரண்டு கோப்பை குடித்தார்.