19 நாளும் 14 வருடமும்

கேள்வி: சீனாவின் சாங்ஷா நகரத்தில் 57 மாடிக் கட்டடத்தை 19 நாளில் எழுப்பிய வீடியோ பார்த்தேன். ஜெர்மனியில் பெர்லின் விமான நிலையத்துக்கோ 14 வருடம் ஆகியிருக்கிறது. ஒரு நாட்டு ஆட்கள் சுறுசுறுப்பு, இன்னொரு நாட்டு ஆட்கள் மந்தம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 31 வருடம் சைட் இன்ஜினியராக வெயிலில் நின்றவன் நான். கம்பி கட்டுகிறவர்களால் ஒரு வேலை வருடக்கணக்கில் தள்ளிப்போனதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர்கள் காத்துக் கிடந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். டிராயிங் வந்திருக்காது, பக்கத்து நிலம் கைக்கு வந்திருக்காது, குறுக்கே போகும் மின்கேபிளை மாற்ற வேண்டிய துறை ஆள் அனுப்பியிருக்காது. ஒரு சைட்டில் அஸ்திவாரம் முடித்து, தூண் கம்பியை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு கையெழுத்துக்காக ஏழு மாதம் உட்கார்ந்திருந்தோம். கம்பியில் ஏறிய துருவை வயர் பிரஷ்ஷால் தேய்க்கவே தனியாக ஆள் வைக்க வேண்டியதாயிற்று.

நீங்கள் பார்த்த அந்த 19 நாள், சைட்டில் பாகங்களைப் பூட்டிய நாள் மட்டும். பாகங்கள் அதற்கு முன்பே மாதக்கணக்கில் தொழிற்சாலையில் தயாராகிவிட்டன. அந்த 19 நாளும் தொடர்ச்சியானவை அல்ல. 20 மாடி ஏறியதும் வேலை நின்றது. முதலில் 97 மாடி என்று இருந்த திட்டம் 57 ஆகக் குறைந்து, அனுமதிச் சிக்கல் தீர்ந்து, 2015இல்தான் மிச்சம் ஏறியது. வேகத்துக்குப் பெயர்போன நாட்டிலும் காத்திருப்பு இருக்கிறது. வீடியோவில்தான் இல்லை.

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மே 1 அன்று திறக்கப்பட்டது. 102 மாடி. வாரத்துக்கு நாலரை மாடி வீதம் எஃகுச் சட்டம் ஏறியது. ஒவ்வொரு உத்தரமும் எங்கே உட்கார வேண்டும் என்று எண் எழுதப்பட்டே வந்தது. வந்த உத்தரம் கீழே கிடக்காமல் நேராக மேலே போனது. ஆனால் அதிகாரபூர்வக் கணக்கிலேயே ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தக் காலத்து வேகத்தைப் புகழும்போது அவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெர்லினில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2006இல் தொடங்கிய வேலையில், கட்டிக்கொண்டிருக்கும்போதே வடிவமைப்பை மாற்றினார்கள். தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் அமைப்பு சோதனையில் தேறவில்லை. 2012 ஜூன் திறப்பு விழா சில வாரங்களுக்கு முன் ரத்தானது. திறந்தது 2020 அக்டோபர் 31. சுவர் எழுப்பிய பிறகு டிராயிங்கை மாற்றுவதைப்போல நாளைத் தின்பது வேறில்லை. போட்டதை உடைக்க வேண்டும், உடைத்ததைத் திரும்பப் போட வேண்டும், போட்டதை மறுபடி சோதிக்க வேண்டும்.

நாட்டின் இயல்பு என்று சொல்கிறவர்களுக்கு இத்தாலியின் ஜெனோவாவைக் காட்டுவேன். 2018 ஆகஸ்ட் 14இல் அங்கே பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். பொதுப்பணிகள் இழுத்துக்கொண்டே போகும் நாடு என்று பெயரெடுத்த நாடு அது. ஆனாலும் 2020 ஆகஸ்ட் 3இல் புதுப்பாலத்தைத் திறந்துவிட்டார்கள். தனிச் சட்டம் போட்டு, நகர மேயரிடமே முடிவெடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அதே நாடு, அதே தொழிலாளர்கள். யாரைக் கேட்பது என்பதில் மட்டும் குழப்பம் இல்லை.

கேள்வி: அப்படியென்றால் எல்லா நாடுகளும் அதே வேகத்தில் கட்டிவிடலாமா?

பதில்: கான்கிரீட் சம்மதிக்காது. சாதாரண சிமென்ட் கலவை 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் பெறும். அதே கலவையில் வார்த்த கனசதுரக் கட்டியை 28ஆம் நாள் நசுக்கிப் பலம் பார்க்கும் க்யூப் டெஸ்ட் அதற்காகத்தான். குளிர் கூடினால் இன்னும் தாமதமாகும். முட்டுக்கொடுத்த பலகையை அவசரப்பட்டு உருவினால் தளம் தொய்யும்.

ஜப்பானின் ஃபுகுவோகாவில், 2016 நவம்பர் 8 அன்று ரயில் நிலையத்துக்கு எதிரே சாலை இடிந்து, சுமார் 30 மீட்டர் அகலத்துக்குப் பெரும்பள்ளம் விழுந்தது. ஒரே வாரத்தில் நிரப்பி, குழாய்களும் கேபிள்களும் போட்டு, வண்டி ஓடவிட்டார்கள். உலகமே வியந்தது. நான் வியந்தது வேறொன்றுக்கு. பள்ளம் விழக் காரணம், அடியில் குடைந்துகொண்டிருந்த மெட்ரோ சுரங்கம். அந்தச் சுரங்க வேலையை நிறுத்தி, மண்ணை ஆராய்ந்து, முறையை மாற்றிக்கொண்டுதான் மறுபடி தோண்டினார்கள். 2020இல் ஓட வேண்டிய ரயில் 2023 மார்ச்சில்தான் ஓடியது.