வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தீர்களா? பிக்கப் கேள்வி-பதில்

கேள்வி: ஏழு வருடம் ஓடிய டபுள் கேப் (இரண்டு வரிசை சீட் உள்ள) டீசல் பிக்கப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது, இன்ஜினில் சத்தமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பதில்: கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, ஒரு பழைய சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுங்கள். கையில் டார்ச்சும் சின்ன சுத்தியலும் இருக்கட்டும். காருக்குப் பாடியே எலும்பு. பிக்கப்புக்கு எலும்பு சேசிஸ், அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டம். கேபினும் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியும் அதன்மேல் போல்ட் போட்டு உட்காரவைத்தவைதான். இன்ஜின் போனால் வேறு இன்ஜின் போடலாம். சேசிஸ் உளுத்துப்போனால் வண்டி காயலான் கடைக்குத்தான்.

பின் அச்சுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடம், ஸ்பிரிங் பட்டையின் ஷேக்கில் (பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) மாட்டியிருக்கும் இடம், டீசல் டேங்கின் உள்பக்கம், ஸ்டெப்னி தொங்கும் குறுக்குச் சட்டம் ஆகியவற்றில்தான் சேறும் ஈரமும் போய் ஒட்டிக்கொள்ளும். மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டிங்’ என்று பதில் சொல்லும். ‘டொப்’ என்றால் உள்ளே அரித்துவிட்டது. மேலே கொஞ்சம் செந்தூசி இருந்தால் பரவாயில்லை. பழைய சுவரின் சுண்ணாம்பு மாதிரி அடுக்கடுக்காக உரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்ஜினுக்குப் பேர்போன வண்டிகளுக்கே இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் டக்கோமா, டண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேசிஸ் துரு பற்றிய வழக்கில் 2016-இல் டொயோட்டா சமரசத்துக்கு வந்தது. சேசிஸைப் பரிசோதித்து, துருவால் ஓட்டை விழுந்திருந்தால் மாற்றித்தர ஒப்புக்கொண்டது.

சேசிஸில் புத்தம்புதுக் கறுப்பு பெயின்ட் மின்னினால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். என் முதல் பிக்கப்பில் அப்படித்தான் மின்னியது. ‘மனுஷன் எவ்வளவு அக்கறையா வெச்சிருக்காரு’ என்று மயங்கி வாங்கினேன். நான்காவது மாதம் இடதுபக்க ஷேக்கில் பிராக்கெட் கையோடு வந்தது. பெயின்ட்டுக்கு உள்ளே பட்டி, பட்டிக்கு உள்ளே வெறும் துருப்பொடி. நடுவில் இரும்பைக் காணோம்.

அடுத்து வண்டியை விட்டுப் பத்தடி தள்ளி, பக்கவாட்டில் நின்று பாருங்கள். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அது மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்க வேண்டும். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால், அளவுக்கு மீறிய லோடில் சேசிஸ் வளைந்து, வண்டியின் பின்பாதி தொங்கிவிட்டது என்று அர்த்தம். தொட்டியில் பிளாஸ்டிக் லைனர் இருந்தால் தூக்கிப் பார்க்காமல் விடாதீர்கள். அந்த வண்டி என்ன வேலை பார்த்தது என்பதை விற்பவர் வாயைவிட லைனருக்கு அடியிலிருக்கும் தகரம் ஒழுங்காகச் சொல்லும்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்வதைப் பாருங்கள். ‘நீங்க வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டேன்’ என்று சொன்னால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் நிற்காமல் வந்தால் கூலண்ட்டோ எரியாத டீசலோ வெளியேறுகிறது. ஆயில் மூடிக்கு உள்ளே பால் நிறத்தில் நுரை இருக்கிறதா பாருங்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரத்தால்கூட அது வரலாம், ஆனால் கூலண்ட்டும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) சந்தேகியுங்கள்.

1,60,000 என்ற எண்ணுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்க டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினா, செயின் உள்ளதா என்று கேளுங்கள். டொயோட்டா ஹைலக்ஸின் பழைய 2.5, 3.0 லிட்டர் டீசல் இன்ஜின்களில் பெல்ட். மாற்றும் கெடு சுமார் 1,50,000 கிலோமீட்டர். அதன்பின் வந்த 2.4, 2.8 லிட்டரில் செயின். பெல்ட் வண்டியாக இருந்து, மாற்றிய ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

கிளட்ச்சைச் சோதிக்க, மேல் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் தேய்ந்துவிட்டது.

கேள்வி: என் வண்டி ஒரு டன் வண்டி. பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டு ஒன்றரை டன் ஏற்றலாம் என்கிறார் மெக்கானிக். சரியா?

பதில்: தப்பு. பட்டை சேர்த்தால் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். பிரேக், அச்சு, வீல் பேரிங், டயர், சேசிஸ் எல்லாம் பழைய அளவிலேயே இருக்கின்றன. முன்பு அதிக லோடு ஏற்றினால் வண்டி குனிந்து உங்களை எச்சரித்தது. இப்போது அந்த எச்சரிக்கையையும் வாயடைத்துவிட்டீர்கள்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. நிறைய பிக்கப்புகளில் பின் அச்சிலிருந்து ஒரு சின்னக் கம்பி சேசிஸில் உள்ள ஒரு வால்வுக்குப் போகும். லோடு ஏறி, சேசிஸ் அச்சை நோக்கி இறங்கும்போது அந்தக் கம்பி வால்வைத் திருகி, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். காலியாக இருந்தால் குறைத்துவிடும். பட்டை சேர்த்தபின் முழு லோடிலும் சேசிஸ் இறங்குவதில்லை. வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொள்கிறது. ஒன்றரை டன்னோடு நீங்கள் பிரேக்கை மிதிக்கிறீர்கள், பின்சக்கரமோ வெறும் வண்டிக்கான பிரேக்கைத்தான் பிடிக்கிறது. ஸ்பிரிங்கில் கை வைத்தால் அந்த வால்வையும் திரும்ப அட்ஜஸ்ட் செய்தே ஆக வேண்டும். அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே வைக்கும் ஏர் பேக்கிலும் (லோடு தாங்கும் காற்றடைத்த ரப்பர் பை) ஓர் ஆபத்து இருக்கிறது. பட்டை தன் இரு முனைகளில் பங்கிட்டுத் தாங்கும் எடையை அது சேசிஸின் ஒரே புள்ளியில் குத்தவைக்கும். வளைந்த சேசிஸ்களில் வளைவு பல நேரம் அந்த இடத்தில்தான் இருக்கும்.

‘ஒரு டன்’ என்பதே பெரும்பாலும் பேச்சுக்கு. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் காலி வண்டியின் எடையைக் கழியுங்கள். 2,900 கிலோவில் 1,950 போனால் மீதி 950. அதில் 70 கிலோ வீதம் நான்கு பேர் 280. தொட்டிக்கு மேல் போட்ட கூண்டு 70, முன் கம்பி பம்பர் 50, டூல் பெட்டி 40. மிச்சம் 510 கிலோ. இதுதான் உங்கள் ‘ஒரு டன்’.

இன்னொரு கணக்கும் போட்டுவிடுகிறேன். டபுள் கேப் தொட்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் ஆழம். அதாவது சுமார் ஒரு கன மீட்டர். காய்ந்த மணல் ஒரு கன மீட்டர் 1,600 கிலோ அளவில் வரும், நனைந்தால் இன்னும் கூடும். தொட்டி விளிம்புவரை மணல் போடுகிறவர் ‘நிரப்பத்தானே செஞ்சேன்’ என்பார். ஒருமுறை முழு லோடோடு எடை மேடையில் ஏற்றுங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கேள்வி: கடையில் ‘புது டயர்’ என்று கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் பக்கவாட்டில் வெடிப்பு. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று, ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் கிழடாகும். இனி காசு கொடுக்குமுன் அந்த எண்ணைப் படியுங்கள்.

கூடவே லோடு இண்டெக்ஸையும் பாருங்கள். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 104 என்றால் 900 மட்டுமே. அளவு பொருந்துகிறது, விலை குறைவு என்று 104-ஐ மாட்டினால் பின் டயர் இரண்டும் சேர்ந்து தாங்குவது 1,800 கிலோ. லோடு ஏறிய பிக்கப்பின் பின் அச்சு அந்த எல்லையைச் சுலபமாகத் தொட்டுவிடும். காற்றின் அளவும் காலிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். காலி வண்டி ‘குதிக்கிறது’ என்று எழுதிய மூன்று பேருக்கும் பதில் இதுவே: லோடு காற்றோடு காலியாக ஓட்டுகிறீர்கள்.

கேள்வி: ஃபோர் வீல் டிரைவில் போட்டுத் தார் ரோட்டில் திருப்பினால் ஸ்டியரிங் இறுகுகிறது, வண்டி உதறுகிறது. ரிப்பேரா?

பதில்: இன்னும் இல்லை, இப்படியே ஓட்டினால் ஆகும். வளைவில் முன் சக்கரங்கள் போகும் தூரமும் பின் சக்கரங்கள் போகும் தூரமும் வேறு வேறு. பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ் இரண்டு அச்சையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த தாரில் வழுக்க முடியாததால் முறுக்கு முழுவதும் ஷாஃப்டுக்கும் கியருக்கும் போகிறது. மிட்சுபிஷியின் சூப்பர் செலக்ட் போல நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டு அச்சையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் தொகுதி) உள்ள வண்டிகளுக்கு மட்டும், அதுவும் அதைப் பூட்டாத நிலையில், தாரில் அனுமதி உண்டு. லீவர் மாட்டிக்கொண்டு வரவில்லையென்றால் நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு தளர்ந்துவிடும்.

கேள்வி: டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாக ஏறுகிறது. கூலண்ட் குறையவில்லை. டி.பி.எஃப். (புகை வடிகட்டி) விளக்கும் அடிக்கடி எரிகிறது.

பதில்: ஏறுவது ஆயில் அல்ல, டீசல். புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்க, பல இன்ஜின்கள் கூடுதல் டீசலை சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும். நீங்கள் ஐந்து கிலோமீட்டரில் வீடு சேர்ந்து இன்ஜினை நிறுத்திவிட்டால் வேலை பாதியில் நிற்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் இன்றே மாற்றுங்கள், எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் ரக ஆயிலாகப் பார்த்து ஊற்றுங்கள். விளக்கு எரிந்தால் இருபது நிமிடமாவது நிற்காமல் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள்.

ஒரு நாளைக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் ஓடும் என்றால் டீசலே வாங்கியிருக்கக் கூடாது. பெட்ரோல் பிக்கப்பை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

கேள்வி: 3.2 லிட்டர் ஃபோர்டு ரேஞ்சர் வைத்திருக்கிறேன். ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா? இரவு முழுக்க வடியவிட்டால் சுத்தமாக இறங்கும் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: நண்பர் சொன்னதை இந்த இன்ஜினில் செய்யாதீர்கள். அந்தத் தலைமுறை ரேஞ்சரின் 2.2, 3.2 லிட்டர் டீசல்களிலும், அதே இன்ஜின் உள்ள மஸ்டா பி.டி.-50-யிலும் ஆயிலை வடித்துவிட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது. ஆயில் பம்ப் காய்ந்து காற்று பிடித்துக்கொள்ளும். அடுத்த ஸ்டார்ட்டில் ஆயில் மேலே ஏறாது, இன்ஜின் வறண்டு சுற்றும். புது ஃபில்டர், வாஷர், மூடி திறந்து அளந்துவைத்த ஆயில் எல்லாம் பக்கத்தில் தயாரான பிறகே டிரெயின் போல்ட்டில் ஸ்பேனர் வையுங்கள். வடிந்ததும் போல்ட்டை மாட்டி உடனே ஊற்றுங்கள். நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள்.

கேள்வி: டிரெய்லர் இழுக்கும்போது வேகம் பிடித்தால் பின்னால் பாம்பு மாதிரி ஆடுகிறது.

பதில்: டிரெய்லரின் பின்பக்கம் கனம் அதிகம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கிமேல் அழுந்த வேண்டும். சாமானை முன்னால் நகர்த்துங்கள். ஆடும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்பாதீர்கள், பிரேக்கையும் ஓங்கி மிதிக்காதீர்கள். டிரைவர் சீட்டிலிருந்தே கையால் இயக்கும் தனி பிரேக் டிரெய்லருக்கு இருந்தால் அதை மட்டும் பிடியுங்கள்.

கொக்கியில் அழுந்தும் எடையும் வண்டியின் லோடு கணக்கில் சேரும். அச்சுகளுக்கு நடுவே 3 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கிவரை 1.2 மீட்டர் என்றால், கொக்கியில் 100 கிலோ வைக்கும்போது பின் அச்சில் ஏறுவது 140 கிலோ. அந்த 40 முன் சக்கரத்திலிருந்து தூக்கப்பட்டது. ஸ்டியரிங் லேசாவது அதனால்தான்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியரை டி-யிலிருந்து (முன்னால்) ஆர்-க்கு (ரிவர்ஸ்) போட்டால் அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: இறக்குவதற்கு முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகிப் பாருங்கள். ஷாஃப்டின் முனையில் உள்ள கிராஸ் ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தால், அல்லது அதன் நான்கு கிண்ணங்களைச் சுற்றிச் செம்பொடி படிந்திருந்தால், சத்தம் அங்கிருந்துதான். சின்ன வேலை. நடுவில் தொங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிரீஸ் நிப்பிள் இருந்தால், பழைய கிரீஸ் நான்கு பக்கமும் பிதுங்கி வரும்வரை அடியுங்கள். வண்டி தண்ணீரில் இறங்கி ஏறியிருந்தால், அந்த வாரமே டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பாருங்கள்; பால் நிறத்தில் இருந்தால் மாற்றிவிட்டு, மேலே போகும் பிரீதர் (காற்று போக்கும்) குழாய் கழன்றிருக்கிறதா என்று தேடுங்கள்.